குழாய் போனாலும் குறிப்பு இருக்கிறது!

பழைய மோட்டார் காருக்கு மறு உயிர் கொடுப்பவர்களுக்குத் தொழிற்சாலைத் தாள்கள் சொல்லும் பாடம்

அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்திலே ஒரு வீட்டுக் கார் கொட்டகை என்று வைத்துக்கொள்வோம். நான்கு இரும்புத் தாங்கிகளின் மேல் ஒரு கார் நிற்கிறது. அதற்கு வயது ஐம்பதுக்கு மேல். அடியில் மல்லாந்து படுத்திருக்கிறார் அதன் சொந்தக்காரர். கையில் ஒரு விளக்கு. எஞ்சினிலிருந்து வண்டியின் வால் வரை போகவேண்டிய புகைக் குழாயை அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டு வருகிறார்.

முன்பக்கம் ஒரு முழம் குழாய் இருக்கிறது. தொட்டால் துரு உதிர்கிறது. நடுவில் எந்தக் காலத்திலோ ஏதோ ஒரு பட்டறையில் வெல்டிங் வைத்து ஒட்டிய வேறு குழாய். அதற்குப் பின்னால் கம்பி கட்டித் தொங்கவிட்ட ஒரு சைலன்ஸர். அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை!

“இந்தக் கார் தொழிற்சாலை வாசலைத் தாண்டி வெளியே வந்த அன்று, இந்தக் குழாய் எப்படி இருந்தது?”

கேள்வி சுலபமானது. பதில் சொல்லத்தான் ஆள் இல்லை. காரை முதலில் வாங்கியவர் இப்போது உயிரோடு இருக்கிறாரோ என்னவோ. குழாயைப் பூட்டிய தொழிலாளி எங்கே என்று தெரியாது. தொழிற்சாலையையே மூடிவிட்டார்கள். ஆனாலும் ஒரு சாட்சி மிஞ்சியிருக்கிறது. அது ஒரு தாள். மங்கலான அச்சு, நெருக்கமான கோடுகள், பொடிப் பொடியான எண்கள். அந்தத் தாளை எப்படிப் படிப்பது, எந்த அளவுக்கு நம்புவது என்பதில்தான் இந்தக் காரின் புனர்ஜென்மம் அடங்கியிருக்கிறது.

துருவுக்கு முதல் பலி

காரின் பாகங்களில் முதலில் சாவது புகைக் குழாய்தான். அதற்குக் காரணம் உண்டு. பெட்ரோல் எரியும்போது புகை மட்டும் வருவதில்லை, தண்ணீரும் வருகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. கார் வெகுதூரம் ஓடினால் குழாய் நன்றாகச் சூடேறி, ஆவி முழுவதும் வெளியே போய்விடும். கடைக்குப் போய்விட்டு உடனே வீடு திரும்பும் காரில் அப்படி நடப்பதில்லை. சைலன்ஸர் சூடேறுவதற்குள் எஞ்சின் நின்றுவிடுகிறது. ஆவி குளிர்ந்து நீராகி அதன் அடியில் தேங்குகிறது. அந்த நீரில் அமிலமும் கலந்திருக்கும். அது இரும்பை உள்ளேயிருந்து தின்கிறது.

வெளியேயிருந்து தின்பதற்கு வேறொரு எதிரி உண்டு. பனி கொட்டும் ஊர்களில் சாலையில் பனிக்கட்டி உறைந்து வழுக்காமல் இருப்பதற்காக உப்பைத் தூவுகிறார்கள். சக்கரம் வாரி இறைக்கும் அந்த உப்பு நீர், காரின் அடிவயிற்றில் போய் ஒட்டிக்கொள்கிறது.

இரண்டு பக்கமும் எதிரி இருந்தால் இரும்பு என்ன செய்யும்? சில வருஷங்களிலேயே ஓட்டை விழும். சொந்தக்காரர் பக்கத்துப் பட்டறைக்குப் போவார். பட்டறைக்காரர் தம்மிடம் இருந்ததைப் பூட்டி அனுப்புவார். இன்னும் சில வருஷம் கழித்து வேறு ஊர், வேறு பட்டறை, வேறு குழாய். கதவும் கண்ணாடியும் பிறந்தபடியே இருக்கிற கார்களில்கூடப் புகைக் குழாய் மட்டும் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ இருப்பது சர்வ சாதாரணம். ஆகவே, “இருப்பதைப் பார்த்து அப்படியே செய்தால் போயிற்று” என்ற யோசனை இங்கே எடுபடாது. இருப்பதே யாரோ மாற்றியதுதானே!

யாருக்காக எழுதிய புத்தகம்?

ஓஹியோக் கொட்டகையில் நிற்கும் கார் 1969-ம் வருஷத்துச் செவர்லே கமாரோ என்று வைத்துக்கொள்வோம். அந்த மாதிரியில் மட்டும் 2,43,085 கார்கள் உற்பத்தியாயின. ஓஹியோவிலே சின்சினாட்டி நகரை ஒட்டிய நார்வுட் என்ற ஊரிலும், கலிபோர்னியாவிலே வான் நைஸ் என்ற இடத்திலும் அவை பூட்டப்பட்டன.

அந்தக் காருக்கு ஸ்தாபனம் வெளியிட்ட புத்தகங்கள் பல உண்டு. அவற்றில் மூன்று முக்கியமானவை. மூன்றுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளாமல் ஏமாறுகிறவர்கள் ஏராளம்.

முதலாவது, ரிப்பேர் புத்தகம். விற்பனையாளரிடம் வேலை பார்க்கும் மெக்கானிக்குக்காக எழுதியது. கெட்டுப்போனதை எப்படிக் கழற்றுவது, எப்படி மாட்டுவது என்று அது சொல்லும்.

இரண்டாவது, உதிரி பாகங்களின் பட்டியல். கடையில் எந்த எண்ணைச் சொல்லி எந்தப் பாகத்தை வாங்குவது என்பதற்கு அது உதவும். ஆனால் காலம் செல்லச் செல்லப் பழைய பாகத்துக்குப் பதிலாக வேறொன்றைத் தயாரித்து, புது எண்ணைக் கொடுத்துவிடுவார்கள். பட்டியல் புது எண்ணைத்தான் சொல்லும். காரோடு பிறந்த பாகத்தை அது மறந்துவிடும்.

மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது. ‘அசெம்பிளி இன்ஸ்ட்ரக்ஷன் மானுவல்’ என்பது அதன் பெயர். எந்தப் பாகத்தை எந்த இடத்தில், எந்தப் போல்ட்டால், எவ்வளவு இறுக்கிப் பூட்டவேண்டும் என்று சொல்லும் தொழிற்சாலைக் கையேடு. காரின் சொந்தக்காரரை நினைத்து அதை எழுதவில்லை. மெக்கானிக்கை நினைத்தும் எழுதவில்லை. தொழிற்சாலையின் எஞ்சினீயர்களுக்காக எழுதியது. அவர்கள் அதைப் பிரித்து, வரிசையில் நிற்கும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் “உன் வேலை இது” என்று தனித் தனியாகக் குறிப்பு எழுதிக் கொடுப்பார்கள். அந்த மாதிரி வருஷம் முடிந்ததும் கையேட்டின் வேலையும் முடிந்தது.

குப்பைக்குப் போகவேண்டிய அந்தத் தாள்களில் சில பிரதிகள் பிழைத்தன. பின்னாளில் பழைய கார்களின் மேல் பைத்தியம் கொண்டவர்கள் அவற்றைத் தேடிப் பிடித்தார்கள். இப்போது அவற்றின் மறுபதிப்புகள் புத்தகமாக விலைக்குக் கிடைக்கின்றன. நகலுக்கு நகல் எடுத்ததால் பல பக்கங்களில் எழுத்து மங்கியிருக்கும். பூதக் கண்ணாடி வைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. கம்ப்யூட்டர் திரையில் பெரிதாக்கிப் பார்ப்பவர்களும் உண்டு.

எட்டாம் பகுதி

கையேட்டைத் திறந்தால் கதை போல் எழுதியிருக்காது. எல்லாம் படங்கள். முதலில் வருபவை எல்லாக் கார்களுக்கும் பொதுவான பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். எஞ்சினுக்கு ஆறு. பெட்ரோல் டாங்கிக்கும் புகைக் குழாய்க்கும் எட்டு. அதற்கப்புறம், வாடிக்கையாளர் தனியாகக் காசு கொடுத்துக் கேட்டு வாங்கும் விசேஷ அமைப்புகளுக்கான பக்கங்கள். அவற்றுக்கு எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளம். உதாரணமாக ‘என்10’ என்றால் இரட்டைப் புகைக் குழாய்.

ஒரு தாளில் என்ன இருக்கும்? பாகங்களைப் பிரித்து, ஆகாயத்தில் மிதப்பது போல் ஒன்றன்பின் ஒன்றாக வரைந்திருப்பார்கள். எது எதற்குள் நுழைகிறது, எந்த வாஷர் எந்தப் பக்கம் வருகிறது, போல்ட்டின் தலை மேலே இருக்கவேண்டுமா கீழே இருக்கவேண்டுமா என்பதெல்லாம் பார்த்த மாத்திரத்தில் விளங்கும். ஒவ்வொரு பாகத்துக்கும் ஏழு இலக்க எண் இருக்கும். இறுக்கும் அளவு அடி-பவுண்டுக் கணக்கில் இருக்கும். தாளின் கீழ் மூலையில் தேதியும் பகுதி எண்ணும் இருக்கும். பின்னால் ஏதாவது திருத்தியிருந்தால் அதன் தேதியும் அங்கே பதிவாகியிருக்கும்.

இது அவ்வளவு முக்கியமா என்று சிலர் கேட்கலாம். காரின் அடியில் படுத்திருக்கிறவரைக் கேளுங்கள், சொல்லுவார்! அடித்தட்டிலே அவர் கண்ணுக்கு இரண்டு துளைகள் தெரிகின்றன. எதற்கென்று புரியவில்லை. துருப் பிடித்து விழுந்த ஓட்டை என்று எண்ணி அடைத்துவிடலாமா என்றுகூட யோசித்தார். தாளைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. குழாயைத் தாங்கும் பட்டையைப் பூட்டும் துளைகள் அவை. பட்டறைக்காரர்கள் எப்போதோ கழற்றி எறிந்துவிட்டுக் கம்பியால் கட்டிவிட்டார்கள்.

அந்தப் பட்டைக்கும் ஒரு வேலை இருக்கிறது. எஞ்சின் ரப்பர் மெத்தைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் அது சற்றுப் புரளும். அதோடு சேர்ந்து குழாயும் அசையவேண்டும். குழாயைக் கம்பியால் விறைப்பாகக் கட்டினால் அதிர்ச்சி முழுவதும் உடலில் ஏறும். காருக்குள் ஓயாத முனகல் கேட்கும். நாளடைவில் குழாய் மூட்டில் விரிந்துவிடும். நெகிழ்ந்து கொடுக்கும் பட்டையில் தொங்கவிட்டதன் ரகசியம் இதுதான்.

ஒன்றா, இரண்டா?

பெரிய ஏமாற்றம் நேர்வது சைலன்ஸர் விஷயத்தில்தான்.

இரட்டைப் புகைக் குழாய் என்றதும் நமக்கு என்ன தோன்றுகிறது? இரண்டு குழாய், ஆகவே இரண்டு சைலன்ஸர். பட்டறைக்காரர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். பின் அச்சுக்கு முன்னால், அடித்தட்டின் கீழே, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சைலன்ஸர்களைப் பூட்டிய கமாரோக்கள் எத்தனையோ ஓடுகின்றன. அதைப் பார்த்துப் பழகியவர்கள், கார் பிறந்ததே அப்படித்தான் என்று சத்தியம்கூடச் செய்வார்கள்.

தாள் வேறு கதை சொல்லுகிறது. இரண்டு குழாய்களும் பின் அச்சின் மேலே வளைந்து ஏறிப் பின்னால் இறங்குகின்றன. அங்கே அச்சுக்கும் பெட்ரோல் டாங்கிக்கும் நடுவில், காரின் அகலத்தில் குறுக்கே படுத்திருக்கிறது ஒரே ஒரு நீளச் சைலன்ஸர். இரண்டு குழாய்களும் அதற்குள் நுழைகின்றன. அதிலிருந்து இரண்டு வால் குழாய்கள் வெளியேறுகின்றன. கமாரோவின் தாழ்ந்த அடித்தட்டில் கிடைத்த இடத்துக்கு எஞ்சினீயர்கள் கண்ட வழி அது.

அதே 1969-ல் இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. ‘என்சி8’ என்ற அடையாளமுள்ள அமைப்பில் வழக்கமான சைலன்ஸர் பெட்டியே கிடையாது! குழாயையே இடையிடையே நசுக்கி, உள்ளே சிறு சிறு அறைகளாக்கி, சத்தத்தை அவற்றிலேயே அடக்கப் பார்த்தார்கள். முழுவதும் அடங்கவில்லை. அதன் உறுமலுக்காகவே ஆசைப்பட்டு வாங்கியவர்களும் இருந்தார்கள். அப்படிப்பட்ட காரை இன்று வாங்கியவர், “ஐயோ, யாரோ சைலன்ஸரைத் திருடிவிட்டார்கள்” என்று நினைத்துப் பெட்டி ஒன்றைப் பொருத்தினால் எப்படி இருக்கும்? அபூர்வமான காரைச் சாதாரணக் காராக ஆக்கிய புண்ணியம் அவரைச் சேரும்.

தேதி பார்த்துப் படிக்கவேண்டும்

கையேடு கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைப்பவர் இரண்டாவது தடவை ஏமாறுகிறார். தாள் சொல்வது உண்மைதான். ஆனால் எந்தத் தேதியின் உண்மை என்று கேட்கவேண்டும்.

தொழிற்சாலை என்பது ஓடிக்கொண்டே இருக்கும் ஆறு மாதிரி. செப்டம்பரில் பூட்டிய முறையை ஜனவரியில் மாற்றுவார்கள். ஒரு பட்டை உடைகிறது என்று புகார் வந்தால் அதைத் தடித்த பட்டையாக மாற்றுவார்கள். மாற்றியதும் தாளையும் திருத்துவார்கள். இன்று மறுபதிப்பில் கிடைப்பவை பெரும்பாலும் திருத்தங்கள் ஏறிய பிந்திய தாள்கள். 1969 மாதிரி விஷயத்தில் இது இன்னும் முக்கியம். அடுத்த மாதிரி 1970 பிப்ரவரியில்தான் கடைக்கு வந்தது. அதனால் 1969 மாதிரியை வழக்கத்தைவிட நீண்ட காலம் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். காலம் நீண்டால் திருத்தங்களும் பெருகும் அல்லவா?

ஆகவே, கெட்டிக்காரர்கள் முதலில் தங்கள் காரின் பிறந்த தேதியைக் கண்டுபிடிக்கிறார்கள். எஞ்சின் மூடியைத் திறந்தால், கண்ணாடிக்குக் கீழேயுள்ள தகட்டுச் சுவரில் ஒரு சிறு உலோகச் சீட்டு இருக்கும். அதில் ‘03சி’ என்பது போல் ஓர் எண்ணும் எழுத்தும் பொறித்திருக்கும். மூன்றாவது மாதம், மூன்றாவது வாரம் என்று பொருள். அதாவது மார்ச் மாதத்து மூன்றாவது வாரத்தில் அந்த உடல் தயாரானது. காரின் எண்ணில் ‘என்’ என்ற எழுத்து இருந்தால் நார்வுட். ‘எல்’ என்று இருந்தால் வான் நைஸ்.

பிறகு தாளின் மூலையைப் பார்க்கிறார்கள். திருத்தம் மே மாதத்தில் ஏறியிருக்கிறது. கார் மார்ச்சில் பிறந்திருக்கிறது. அப்படியானால் அந்தத் திருத்தம் இந்தக் காருக்குப் பொருந்தாது. அதற்கு முந்திய முறை என்ன என்று தேடவேண்டும். ஜாதகம் பார்ப்பவர் பிறந்த நேரத்தைக் கேட்காமல் பலன் சொன்னால் யாராவது ஒப்புக்கொள்வார்களா? இந்த ஜாதகத்துக்கும் அதே விதிதான்.

புத்தகம் பேசாத இடங்கள்

தாள் பேசாமல் விட்டுவிடும் இடங்களும் உண்டு. கார் பூட்டும் தொழிற்சாலையில் நடந்த வேலையைத்தான் அது விவரமாகச் சொல்லும். எஞ்சின் அங்கே பிறக்கவில்லை. சிறிய வி-8 எஞ்சின்கள் மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரிலிருந்தும், பெரியவை நியூயார்க் மாநிலத்தின் டோனவாண்டாவிலிருந்தும் வந்தன. எஞ்சினின் பக்கவாட்டில் புகையைச் சேர்த்து வாங்கும் வார்ப்பிரும்புப் பாகமான மேனிஃபோல்டு, எஞ்சினோடேயே பூட்டி வந்துவிடும். கார் தொழிற்சாலையின் கையேட்டில் அதைப் பற்றிய பேச்சுக் குறைவாக இருப்பதில் ஆச்சரியமில்லை. அங்கே அந்த வார்ப்பில் பொறித்த எண்தான் சாட்சி.

மேனிஃபோல்டு குழாயோடு சேரும் இடத்தில், வலது பக்கம், தடித்த இரும்பு வளையம் போல் ஒரு பாகம் இருக்கும். அதற்குள் ஒரு தகடு. வெளியே ஒரு சுருள் வில். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அந்தத் தகடு மூடிக்கொண்டு, சூடான புகையை எஞ்சினின் மேல் பக்கம் திருப்பி அனுப்பும். கார்புரேட்டரின் அடிப்பாகம் சூடேறும். பனிக்காலத்தில் எஞ்சின் திணறாமல் ஓடும். சூடு வந்ததும் வில் நெகிழ்ந்து தகடு திறந்துகொள்ளும். துருப் பிடித்து இது மூடியபடியே இறுகிப்போனால் எஞ்சினின் ஒரு பக்கம் மூச்சு முட்டும். ஆகவே பல மெக்கானிக்குகள் இதைக் கழற்றி வீசிவிட்டார்கள். வீசியவர்கள் அதே கனமுள்ள வளையத்தை அந்த இடத்தில் வைத்தார்களா? வைக்காவிட்டால் அங்கிருந்து வால் வரை குழாய் முழுவதும் அந்த அளவுக்கு மேலே ஏறிவிடும். “கையேட்டில் உள்ளபடியேதான் வாங்கினேன், அடித்தட்டில் இடிக்கிறதே!” என்று தலையைச் சொறிகிறவர் முதலில் பார்க்கவேண்டியது அந்த ஒரு வளையத்தை.

தொழிற்சாலை செய்ததை அப்படியே செய்வது புத்திசாலித்தனம் ஆகாத இடமும் உண்டு. அக்காலச் செவர்லேயின் சிறிய வி-8 எஞ்சின்கள் பலவற்றில் மேனிஃபோல்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் கேஸ்கெட் வைக்கவில்லை. இரும்போடு இரும்பு பொருந்தி நின்றது. அன்றைக்கு இரண்டும் புதியவை. முகங்கள் சமமாக இழைத்தவை. இன்றைக்கு ஐம்பது வருஷச் சூட்டில் வளைந்துபோயிருக்கும் மேனிஃபோல்டை அதே மாதிரி பூட்டினால் புகை பக்கவாட்டில் சீறும். முகத்தை மறுபடி இழைத்துச் சமமாக்கவேண்டும்; அல்லது கேஸ்கெட் வைக்கவேண்டும். புதிய இரும்புக்கு எழுதிய சட்டம் கிழ இரும்புக்கு அப்படியே பொருந்தாது.

சத்தமில்லாத எமன்

இதெல்லாம் வெறும் அழகுக்காக என்று எண்ணிவிடக் கூடாது. புகைக் குழாயில் ஓட்டை இருந்தால் அது உயிர் விஷயம்.

எஞ்சின் புகையிலே கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயு இருக்கிறது. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் பொருளோடு அது, பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், அப்புறம் தூக்கம். அந்தத் தூக்கத்திலிருந்து சிலர் எழுந்திருப்பதில்லை. புகையைச் சுத்தப்படுத்தும் விசேஷப் பெட்டி அமெரிக்கக் கார்களில் பரவலாக வந்தது 1975-ம் வருஷத்து மாதிரிகளில்தான். அதற்கு முந்திய கார்களின் புகையில் இந்த விஷம் மிகவும் அதிகம்.

தொழிற்சாலையே இதில் தவறியதுண்டு. 1969 பிப்ரவரியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஸ்தாபனம் ஏறக்குறைய 49 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, சில மாதிரிகளில் எஞ்சின் புகை மனிதர்கள் உட்காரும் இடத்துக்குள் கசியக்கூடும் என்பது. கோடிக் கணக்கில் பணம் போட்டு, நூற்றுக் கணக்கான எஞ்சினீயர்களை வைத்திருந்த ஸ்தாபனத்துக்கே அந்தக் கதி என்றால், வீட்டுக் கொட்டகையில் தனி ஆளாகக் குழாய் பூட்டுகிறவர் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கவேண்டும்!

இங்கேதான் கையேட்டின் உண்மையான பிரயோஜனம் தெரிகிறது. குழாய் எந்த வழியாகப் போகவேண்டும் என்று அது காட்டும் பாதை, பிரேக் எண்ணெய்க் குழாய்க்கும் பெட்ரோல் குழாய்க்கும் சூடு படாத பாதை. வால் குழாயின் நுனி காருக்கு வெளியே எங்கே முடியவேண்டும் என்று அது காட்டும் இடம், புகை காருக்கடியில் தேங்கி உள்ளே புகாதபடி பார்த்து வைத்த இடம். “இரண்டு அங்குலம் குறைந்தால் என்ன?” என்று வெட்டிவிடுகிறவர், அந்த இரண்டு அங்குலத்தை எதற்காக வைத்தார்கள் என்று யோசிப்பதில்லை.

பழைய இரும்பை எறியாதீர்கள்

அனுபவசாலிகள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பார்ப்போம். கையேடு கைக்கு வருவதற்கு முன் அவர்கள் எதையும் வெட்டுவதில்லை. முதலில் எல்லாப் பக்கமும் போட்டோ எடுக்கிறார்கள். கழற்றும் ஒவ்வொரு பட்டைக்கும் கிளாம்புக்கும் ஒரு சீட்டு எழுதிக் கட்டுகிறார்கள். உளுத்துப்போன குழாயாக இருந்தாலும் கொட்டகைத் தரையில் முன்னும் பின்னும் மாறாமல் வரிசையாக வைக்கிறார்கள்.

பிறகு தாளை விரித்து, தரையில் கிடப்பதோடு ஒப்பிடுகிறார்கள். இரண்டும் ஒத்துப்போனால் சந்தேகமில்லை. ஒத்துப்போகாவிட்டால் மூன்றில் ஒன்று நடந்திருக்கவேண்டும். பின்னால் வந்த பட்டறைக்காரர் மாற்றியிருக்கலாம். தாளில் திருத்தம் ஏறுவதற்கு முன் கார் பிறந்திருக்கலாம். அல்லது, அன்றைக்கு அந்தப் பாகம் கையிருப்பில் இல்லாமல் தொழிற்சாலையே வேறொன்றைப் பூட்டியிருக்கலாம். வரிசை நிற்கக் கூடாது என்பதுதான் தொழிற்சாலையின் முதல் சட்டம்! எது நடந்தது என்று தீர்மானிக்க அந்தப் பழைய இரும்பு வேண்டும். எடைக்குப் போட்டுவிட்டால் சாட்சி போய்விட்டது.

புதுக் குழாய் வந்தபின் பூட்டுவதிலும் ஒரு முறை இருக்கிறது. எடுத்த எடுப்பிலேயே எதையும் இறுக்கக் கூடாது. முன்னாலிருந்து பின்னால் வரை எல்லாவற்றையும் தளர்வாக மாட்டி, எதுவும் எதிலும் இடிக்கவில்லை என்று பார்த்து, இடைவெளிகளைச் சரிசெய்து, அதன்பிறகு எஞ்சின் பக்கத்திலிருந்து வரிசையாக இறுக்கிக்கொண்டு வரவேண்டும். வாலிலிருந்து தொடங்கினால் கோணல் முழுவதும் எஞ்சின் மூட்டில் போய்ச் சேரும். திறந்த வெளியில் எஞ்சினை ஓட்டி, ஒவ்வொரு மூட்டிலும் கசிவு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். சூடேறி ஆறியபின் மறுபடி ஒரு தடவை இறுக்கிவிட்டால் மனத்துக்கும் நிம்மதி.

நடுவர்களின் கண்

இத்தனை சிரமத்துக்கும் பரிசு உண்டா? உண்டு. செவர்லே குடும்பத்திலேயே பிறந்த விளையாட்டுக் கார் கார்வெட். அதற்கென்று அமெரிக்காவில் 1974-ல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். கார்வெட்டைப் பழையபடி புதுப்பிக்கிறவர்களின் தேசிய சங்கம் அது. அதன் நடுவர்கள் காரைச் சோதித்து 4,500 புள்ளிகளுக்கு மதிப்பிடுகிறார்கள். முதல் தரம் வாங்க நூற்றுக்கு 94 வேண்டும். பளபளப்புக்கு அங்கே மதிப்பில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்தபடி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கண்ணாடி போல் மின்னும் துருப்பிடிக்காத எஃகுக் குழாயைப் போட்டுக்கொண்டு போனால், அதற்காகவே புள்ளிகளைக் குறைத்துவிடுவார்கள்.

கார்வெட்டில் 1965 முதல் 1967 வரையிலும், பிறகு 1969-லும், காரின் பக்கவாட்டில் கதவுக்குக் கீழேயே புகைக் குழாய் போகும் விசேஷ அமைப்பு ஒன்றை விற்றார்கள். ‘என்14’ என்பது அதன் அடையாளம். கார்வெட்டின் உடலோ கண்ணாடி இழையால் ஆனது. இறங்குகிறவரின் காலுக்குப் பக்கத்திலேயே சூட்டுக் குழாய்! அதற்கு மூடி எப்படி, தடுப்பு எப்படி, எந்தத் திருகு எங்கே என்று தெரிந்துகொள்ளத் தாளைவிட்டால் வேறு நாதி இல்லை. கெட்டிக்காரத்தனமாக ஊகித்துச் செய்தவர்கள் காலையும் சுட்டுக்கொண்டார்கள்; புள்ளிகளையும் இழந்தார்கள்.

ஆனால் எல்லோரும் பரிசுக்காகச் செய்வதில்லை. தினம் ஓட்டுவதற்காகப் புதுப்பிக்கிறவர் துருப்பிடிக்காத எஃகைப் போட்டுக்கொள்வதில் குற்றமில்லை. எதை மாற்றுகிறோம் என்று தெரிந்து மாற்றவேண்டும், அவ்வளவுதான். எது அசல் என்று தெரியாதவனுக்கு, தான் மாற்றினோம் என்பதே தெரியாது. அடுத்தாற்போல் அந்தக் காரை வாங்குகிறவருக்கு அந்தத் தவறே அசலாகிவிடும்.

வாசல் மூடியபின்னும்...

நார்வுட் தொழிற்சாலையை 1987-ல் மூடினார்கள். வான் நைஸ் தொழிற்சாலை 1992-ல் நின்றது. அந்த இடத்தில் இன்று கடைத் தெரு இருக்கிறது. வரிசையில் நின்று குழாய் பூட்டியவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்டாலும், அன்றாடம் நூற்றுக் கணக்கில் பூட்டிய குழாய்களில் ஒன்றை யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

ஓஹியோக் கொட்டகையில் இருப்பவர் வேலையை முடித்துவிட்டார். பின் அச்சின் மேலே இரண்டு குழாய்கள் வளைந்து ஏறுகின்றன. அதற்குப் பின்னால் ஒரே ஒரு சைலன்ஸர் குறுக்கே படுத்திருக்கிறது. அடைக்க நினைத்த இரண்டு துளைகளிலும் போல்ட்டு ஏறியிருக்கிறது. காரை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்து சாவியைத் திருப்புகிறார். குனிந்து ஒவ்வொரு மூட்டாகக் கையைக் காட்டிப் பார்க்கிறார். எங்கும் கசிவு இல்லை.

கொட்டகை மூலையில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. சீட்டுக் கட்டிய பழைய துருக் குழாய்த் துண்டுகளும், எண்ணெய்க் கறை படிந்த கையேட்டின் எட்டாம் பகுதியும் அதற்குள் பத்திரமாக இருக்கின்றன. எப்படியும் இந்தக் குழாயிலும் ஒருநாள் துரு ஏறும். அப்போது அடியில் படுக்கப் போகிறவருக்கு அந்தப் பெட்டி வேண்டியிருக்கும்.